லேக் லூயிஸ் – ஜாஸ்பர் சாலை: ஒரு நாள்தான் இருக்கிறது, எதை விடலாம்?

ஸ்காபரோ_வாசி:

எல்லோருக்கும் வணக்கம். ஜூலை கடைசியில் ரொறன்ரோவிலிருந்து குடும்பமாகக் கல்கரிக்குப் பறக்கிறோம். நான், மனைவி, 14 வயது மகள், 10 வயது மகன், ஊரிலிருந்து வந்து நிற்கிற அம்மா. அம்மாவுக்கு 68 வயது. நடப்பார், ஆனால் முழங்கால் நோ. மேடு ஏறுவது கஷ்டம். பான்ஃபில் தங்க இடம் போட்டாயிற்று. ராக்கி மலைகளில் லேக் லூயிஸிலிருந்து ஜாஸ்பர் ஊர் வரை போகிற, ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே என்கிற அந்த 93ஆம் நெடுஞ்சாலைக்கு ஒரு நாள்தான் ஒதுக்க முடிகிறது. காலையில் பான்ஃபிலிருந்து போய் இரவு திரும்பி வரலாம் என்று நினைத்திருக்கிறேன்.

இணையத்தில் தேடினால் ஆளாளுக்கு இருபது இடங்களுக்குப் பட்டியல் போடுகிறார்கள். எனக்குப் பட்டியல் வேண்டாம். எதை விடலாம் என்று மட்டும் சொல்லுங்கோ. வழியில் இருக்கிற அத்தபாஸ்கா பனியாற்றின் மேலே ஏற்றிக்கொண்டு போகிற அந்தப் பெரிய பஸ்ஸுக்கு டிக்கெட் எடுப்பதா என்பதும் தெரியவில்லை. ஐந்து பேருக்குக் கணக்குப் பார்த்தால் தலை சுற்றுகிறது.

நெல்லைக்காரன்_கால்கரி:

முதலில் விட வேண்டியது, இரவே பான்ஃபுக்குத் திரும்புகிற யோசனையை. பான்ஃபிலிருந்து ஜாஸ்பர் சுமார் 290 கி.மீ. நிற்காமல் ஓட்டினாலே மூன்றரை மணி நேரம். திரும்பி வர இன்னொரு மூன்றரை. ஏழு மணி நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டு நடுவில் எங்கே இறங்கி நடப்பது? வேக வரம்பு 90 தான். வழியில் ஒரு கரடி தலைகாட்டினால் முன்னால் போகிற வண்டி எல்லாம் நின்றுவிடும், அது தனிக் கணக்கு.

பான்ஃபில் ஓர் இரவைக் குறைத்துக்கொண்டு ஜாஸ்பரில் தங்குங்கள். அது முடியாது என்றால் பனியாறு வரை போய்த் திரும்புங்கள். ஆனால் அப்படிச் செய்தால் சன்வாப்டா, அத்தபாஸ்கா அருவிகள் இரண்டும் கைவிட்டுப் போகும். இரண்டுமே பனியாற்றுக்கு வடக்கே, ஜாஸ்பர் பக்கம் இருக்கின்றன.

ஜாஸ்பரில் தங்குவதாக வைத்துக்கொண்டு சொல்கிறேன். காலை ஆறரைக்கு பான்ஃபை விட்டுக் கிளம்புங்கள். லேக் லூயிஸ் ஏரிக்குத் திரும்பாதீர்கள். அங்கே பார்க்கிங் தேடியே காலை போய்விடும். நேராக 93இல் ஏறினால் எட்டு மணிக்கு முன்பே போ (Bow) ஏரி. சாலை ஓரத்திலேயே இருக்கிறது, அம்மா வண்டியை விட்டு நாலு எட்டு வைத்தால் போதும். காற்று கிளம்புவதற்கு முன் போனால் எதிரே இருக்கிற மலை முழுக்கத் தண்ணீரில் தெரியும். பத்து மணிக்குப் போனால் வெறும் நீல நிறத் தண்ணீர்தான்.

அடுத்து பெய்ட்டோ ஏரி, அங்கிருந்து ஐந்தாறு நிமிட ஓட்டம். கீழ் பார்க்கிங்கிலிருந்து தார் போட்ட பாதை, அரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட, நல்ல ஏற்றம். மேலே புதிதாகக் கட்டிய பெரிய மேடை 2021 முதல் திறந்திருக்கிறது. ஏரி ஓநாய்த் தலை வடிவத்தில் இருக்கும். டூர் பஸ்கள் ஒன்பதரைக்கு மேல் வரும், அதற்குள் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் நிற்காமல் பார்க்கர் ரிட்ஜ். இந்த நாளில் ஒரே ஒரு மலையேற்றம் என்றால் என் ஓட்டு இதற்குத்தான். ஒரு வழி 2.7 கி.மீ., ஏற்றம் 250 மீட்டர். மடித்து மடித்துப் போகிற பாதை, மரங்கள் சீக்கிரமே முடிந்துவிடும். மேலே போய் மறுபக்கம் எட்டிப் பார்த்தால் சஸ்காச்சுவன் பனியாறு முழுசாகக் கீழே கிடக்கும். சாலையிலிருந்து அது தெரியவே தெரியாது. ஏறினவனுக்கு மட்டும்தான்.

மதியம் அத்தபாஸ்கா பனியாறு, சாயங்காலம் இரண்டு அருவிகள், ஏழு ஏழரைக்கு ஜாஸ்பர். ஜூலையில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும், பதற வேண்டாம்.

பஸ்? என்னைக் கேட்டால் வேண்டாம். ஆளுக்கு நூறு டாலருக்கு மேல் கொடுத்துவிட்டு, பனியில் நிற்பது அரை மணி நேரத்துக்குள்.

எட்மண்டன்_அக்கா:

தம்பி, நெல்லைக்காரர் சொன்னதுதான் சரி, ஒரு வழியாகப் போங்கோ. நான் இன்னொன்றும் சொல்கிறேன். திரும்புகிற விமானத்தை எட்மண்டனிலிருந்து போடுங்கோ. ஜாஸ்பரிலிருந்து எட்மண்டன் நாலு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட, நேர் ரோட்டு. போன வழியிலேயே கல்கரிக்குத் திரும்பத் தேவையில்லை. வாடகைக் காரை வேறு ஊரில் விடுவதற்குக் கூடுதலாகக் கேட்பார்கள், அதைப் பதிவு செய்ய முதலே பாருங்கோ. சில வேளை பான்ஃபுக்குத் திரும்பி ஓடுகிற பெற்றோல் காசும் ஒரு இரவு அறை வாடகையும் அதைவிடக் கூட வரும்.

கரடி நெருங்கினால் அடிக்கிற மிளகாய் ஸ்ப்ரேயை (கரடி ஸ்ப்ரே) ரொறன்ரோவிலிருந்து கொண்டு வராதீர்கள். விமானத்தில் கைப்பையிலும் விடமாட்டார்கள், பெட்டியிலும் விடமாட்டார்கள். பான்ஃபில் வாடகைக்கே கிடைக்கும். பார்க்கர் ரிட்ஜுக்குப் போகும்போது அது இடுப்பில் இருக்க வேணும், பைக்குள்ளே இல்லை.

அம்பத்தூர்_ரிட்டயர்டு:

பஸ் வேண்டாம் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டார் நெல்லைக்காரர். எனக்கு 71 வயது, இரண்டு முட்டியும் தேய்ந்தவன். பையனோடு போன வருஷம் போயிருந்தேன். பார்க்கர் ரிட்ஜ், வில்காக்ஸ் பாஸ் எல்லாம் எனக்குப் போட்டோவில்தான். பனியாற்றின் மேல் கால் வைக்க எனக்கு இருந்த ஒரே வழி அந்த பஸ். ஆள் உயரத்துக்கு டயர் போட்ட வண்டி, கல்மேட்டிலிருந்து பனிக்கு இறங்குகிற சரிவில் மெதுவாக ஊர்ந்து போகிறது. இறங்கி நின்றேன். கீழே 200, 300 மீட்டர் கனத்துக்கு ஐஸ் இருக்கிறது என்று வழிகாட்டிப் பெண் சொன்னாள். பனி மேல் ஒரு சின்ன வாய்க்கால் ஓடியது, அதில் பாட்டிலை நீட்டித் தண்ணீர் பிடித்துக் குடித்தேன். அரை மணி நேரம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று அம்மாவைக் கேட்டீர்களா?

நெல்லைக்காரன்_கால்கரி:

சார், உங்கள் விஷயத்தில் மறுபேச்சு இல்லை. நான் ஏற முடிகிறவர்களை வைத்துத்தான் சொன்னேன். ஐந்து பேரும் போக வேண்டுமா என்பதுதான் கேள்வி. அம்மாவும் பேரனும் மட்டும் பஸ்ஸில் போகலாம், மற்றவர்கள் அந்த நேரத்தில் எதிர்ப்பக்கம் ஏறலாம். செலவு பாதிக்கு மேல் குறையும்.

வில்காக்ஸ் பாஸ் பாதை பனியாற்று மையத்துக்கு மூன்று கி.மீ. தெற்கே ஆரம்பிக்கிறது. முழுக்கப் போனால் ஒரு வழி 4 கி.மீ. அவ்வளவு தேவையில்லை. பாதி வழிக்குச் சற்று மேலே தேசியப் பூங்காக்காரர்கள் சிவப்பு நாற்காலிகள் போட்டிருக்கிறார்கள். அங்கே உட்கார்ந்தால் பனியாறு, அதற்குப் பின்னால் மேலே வெள்ளையாகத் தெரிகிற பனிவெளி, ஒரு பக்கம் மவுண்ட் அத்தபாஸ்கா எல்லாம் நேர் எதிரே. பனியின் மேல் நிற்பவனுக்குத் தன்னைச் சுற்றி இருக்கிற ஐஸ்தான் தெரியும். அது எங்கிருந்து வழிகிறது, எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பதெல்லாம் எட்டி நின்று பார்த்தால்தான் புரியும்.

கடலைமிட்டாய்:

2020 ஜூலையில் அந்த வண்டி ஒன்று சரிவில் உருண்டு 3 பேர் இறந்தார்களே, அதை யாரும் சொல்லவில்லையே?

அம்பத்தூர்_ரிட்டயர்டு:

தெரிந்துதான் ஏறினேன். அதே கணக்குப் பார்த்தால் 93ஆம் நெடுஞ்சாலையில் காரே ஓட்டக்கூடாது.

பாறைப்பித்து:

இந்த இழையில் மூக்கை நுழைக்காமல் இருக்க முடியவில்லை. நிலவியல் படித்தவள்.

வில்காக்ஸ் பாஸைப் பற்றி ஒரு விஷயம். இன்றைக்கு அதைக் காட்சி பார்க்கிற பாதையாக நினைக்கிறோம். 1896இல் வால்டர் வில்காக்ஸ் குழு குதிரைகளோடு வடக்கே போனபோது அந்த மேட்டில் ஏறித்தான் போக வேண்டியிருந்தது. காரணம், கீழே பள்ளத்தாக்கை அத்தபாஸ்கா பனியாறு அடைத்துக்கொண்டு கிடந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில், இன்று நெடுஞ்சாலை ஓடுகிற இடம் வரை ஐஸ் வந்து நின்றிருக்கிறது. நீங்கள் வண்டியை நிறுத்துகிற பார்க்கிங், டிக்கெட் வாங்குகிற கட்டடம் எல்லாம் பனியாறு எட்டிப்பிடித்த எல்லை. அதன் பிறகு ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கிவிட்டது. இந்தக் கட்டடத்து மொட்டைமாடியில் நின்று ஐஸ் எங்கே இருக்கிறது என்று ஒரு தடவை கண்ணால் அளந்து பாருங்கள்.

பஸ்ஸுக்கும் வில்காக்ஸுக்கும் நடுவில் மூன்றாவது வழி ஒன்று உண்டு, காசும் கிடையாது. சாலைக்கு மறுபக்கம் இருக்கிற பார்க்கிங்குக்கு வண்டியை ஓட்டிப் போனால், பனியாற்றின் மூக்கு வரை ஒரு பாதை. தூரம் குறைவு, ஆனால் செங்குத்து, சரளைக்கல். வழியெல்லாம் ஆண்டு எழுதிய பலகைகள் நட்டிருக்கிறார்கள், இந்த ஆண்டில் ஐஸ் இங்கே இருந்தது என்று. உங்கள் மகள் பிறந்த ஆண்டில் ஐஸ் எங்கே இருந்திருக்கும் என்று அவளையே கணக்குப் போட்டுத் தேடச் சொல்லுங்கள். பதினான்கு வயசுக்கு அதுபோதும், எந்த அருங்காட்சியகமும் தேவையில்லை.

கயிறு கட்டியிருக்கிற இடத்தைத் தாண்டவே தாண்டாதீர்கள். மேலே தூசி படிந்த கெட்டித் தரை மாதிரி தெரியும், அடியில் பனிப்பிளவு இருக்கும். 2001இல் ஒரு சின்னப் பையன் அப்படி ஒரு பிளவில் விழுந்து, வெளியே எடுப்பதற்குள் குளிரில் இறந்துபோனான். பிளவு மேலே ஓர் ஆள் நுழையும் அகலம்தான் இருக்கும், கீழே போகப் போக இறுக்கும்.

ஸ்காபரோ_வாசி:

எல்லோருக்கும் நன்றி. அம்மாவைக் கேட்டேன். "ஐஸைத் தொட்டுப் பார்க்க வேணும்" என்கிறா. ஆகவே அம்மாவுக்கும் மகனுக்கும் டிக்கெட். அங்கே கண்ணாடித் தரை போட்ட ஸ்கைவாக் என்று ஒன்றும் இருக்கிறதே, சேர்த்து எடுத்தால் சலுகை என்று போட்டிருக்கிறார்கள். அது வேணுமா?

அடுத்த பிரச்சினை, மகள் லேக் லூயிஸ் பக்கத்தில் இருக்கிற மொரெய்ன் ஏரி இல்லாவிட்டால் வரமாட்டேன் என்று நிற்கிறாள்.

நெல்லைக்காரன்_கால்கரி:

ஸ்கைவாக்கை விடுங்கள். 2014இல் திறந்தது. சன்வாப்டா பள்ளத்தாக்குக்கு மேல் 280 மீட்டர் உயரத்தில் கண்ணாடி மேல் நிற்கலாம், சரி. ஆனால் அங்கே போவதற்கு இன்னொரு பஸ், இன்னொரு வரிசை. ஒரு மணி நேரம் போய்விடும். பார்க்கர் ரிட்ஜ் ஏறப்போகிற ஆளுக்கு அந்த உயரம் இலவசம்.

மொரெய்ன் ஏரிக்கு 2023 முதல் சொந்தக் கார், வாடகைக் கார் எதையும் விடுவதில்லை. பூங்காவின் ஷட்டில் பஸ்ஸுக்கு முன்பதிவு செய்ய வேண்டும், சீக்கிரம் தீர்ந்துவிடும். அதை பார்க்வே நாளோடு சேர்க்காதீர்கள். முந்தைய நாள் பான்ஃபில் இருந்துகொண்டு போய் வாருங்கள்.

கடலைமிட்டாய்:

நான் கேட்க நினைப்பது வேறு. பனியாறு உருகுகிறது, ஐயோ பாவம் என்கிறோம். அதைக் கடைசியாக ஒருமுறை பார்க்க 3,000 கி.மீ. விமானத்தில் பறந்து, இறங்கி ஒரு பெரிய வண்டியை வாடகைக்கு எடுத்து, டீசல் பஸ்ஸில் ஐஸ் மேலேயே ஏறுகிறோம். இதில் யாருக்கும் கூச்சம் இல்லையா?

பாறைப்பித்து:

இருக்கிறது. நானும் பறந்து போனவள்தான். ஆனால் அதற்கு விடை, போகாமல் இருப்பது மட்டும் என்று நான் நினைக்கவில்லை. பெய்ட்டோ ஏரிக்குத் தண்ணீர் தருகிற பெய்ட்டோ பனியாற்றை 1960களிலிருந்து ஆண்டுதோறும் அளந்து வருகிறார்கள். அது தன் நிறையில் பெரும்பகுதியை இழந்துவிட்டது. மேடையில் நின்று ஏரியைப் படம் எடுக்கிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் இடதுபக்கம் தலையைத் திருப்பி அந்தப் பனியாறு எங்கே என்று பார்ப்பதில்லை. ஏரி அவ்வளவு அழகு, அதுதான் சிக்கல்.

அந்த நிறமே பனியாற்றின் வேலை. நகர்கிற ஐஸுக்கு அடியில் மாட்டிக்கொண்ட கற்கள் பாறையை அம்மியில் வைத்து அரைத்த மாதிரி அரைத்துவிடும். அந்தப் பாறைமாவு அவ்வளவு நுண்ணியது, தண்ணீரில் அடியில் தங்காமல் மிதந்துகொண்டே இருக்கும். சூரிய ஒளி அதில் பட்டுச் சிதறி நமக்குப் பச்சை கலந்த நீலமாகத் தெரிகிறது. உருகுதல் கூடுகிற ஜூலை, ஆகஸ்டில்தான் நிறம் முழுசாக ஏறும். ஜூன் ஆரம்பத்தில் போனால் பெய்ட்டோ இன்னும் பாதி உறைந்தே கிடக்கலாம். பனியாறு முழுக்கப் போய்விட்டால் புதிய மாவு வராது, ஏரி காலப்போக்கில் மற்ற ஏரிகளைப் போலத் தெளிந்துவிடும்.

போ ஏரிக்கு அருகே க்ரோஃபுட் பனியாறு என்று ஒன்று சாலையிலிருந்தே தெரியும். காக்கையின் கால் மாதிரி மூன்று விரல் இருந்ததால் அந்தப் பெயர். இப்போது இரண்டுதான். கீழ்விரல் போன நூற்றாண்டிலேயே உடைந்து விழுந்துவிட்டது.

எட்மண்டன்_அக்கா:

போ ஏரி என்றதும் ஞாபகம் வந்தது. ஏரியைச் சுற்றிக்கொண்டு போ பனியாற்று அருவிக்கு ஒரு பாதை இருக்கிறது. 2025 ஜூனில் அந்த அருவிப் பக்கம் பெரிய பாறைச்சரிவு நடந்து 2 பேர் செத்தவை. போக நினைக்கிறவர்கள் பாதை திறந்திருக்கிறதா என்று பூங்காத் தளத்தில் அன்றைக்கே பார்த்துவிட்டுப் போங்கோ. ஒரு நாள் பயணத்துக்கு அது எப்படியும் நீளம்.

லேக் லூயிஸ் தாண்டினால் ஜாஸ்பர் கிட்ட வரும்வரை போனில் சிக்னல் அநேகமாக இருக்காது. வரைபடத்தை முதல் நாளே இறக்கி வைத்துக்கொள்ளுங்கோ. பெற்றோல் செட்டும் நடுவில் ஒன்றே ஒன்று, சஸ்காச்சுவன் ரிவர் கிராசிங்கில். விலை கூட. சாப்பாடும் கட்டிக்கொண்டு போங்கோ. நாங்கள் எப்போதும் புளிச்சாதமும் கத்தரிக்காய்ப் பொரியலும் கொண்டு போவோம். சாப்பிட்ட மேசையில் ஒரு பருக்கை கூட விடக்கூடாது. காகமோ கரடியோ ஒருதரம் ருசி கண்டால் பிறகு அந்த விலங்குக்குத்தான் ஆபத்து.

கடலைமிட்டாய்:

கத்தரிக்காய்ப் பொரியலுக்குக் கரடி வருமா?

எட்மண்டன்_அக்கா:

என்ரை பொரியலுக்கு வரும்.

அம்பத்தூர்_ரிட்டயர்டு:

அருவிகளைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் அதிகம் ரசித்தது அதைத்தான். எனக்கு நடக்கவும் வசதியாக இருந்தது.

குற்றாலத்து ஆள் அத்தபாஸ்கா அருவியின் உயரத்தைக் கேட்டால் சிரிப்பான். 23 மீட்டர்தான். ஆனால் இங்கே விழுவது ஓர் ஆறு முழுசாக. அகலமாக வருகிற நதியை ஒரு குறுகிய பாறை வாயில் திணித்துத் தள்ளுகிற மாதிரி விழுகிறது. பக்கத்தில் நிற்கும்போது நெஞ்சுக்குள் அதிர்கிறது. பார்க்கிங்கிலிருந்து இரண்டு மூன்று நிமிட நடை, தார்ப் பாதை, கம்பி போட்டிருக்கிறார்கள். அடுத்த பக்கம் நதி முன்பு ஓடிக் கைவிட்ட பழைய கால்வாய்க்குள்ளேயே படி இறங்கிப் போகலாம். சுவரெல்லாம் வழவழவென்று சுழி சுழியாகக் குடைந்திருக்கிறது. அந்தப் படி எனக்கு முடியவில்லை, பேத்தி போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

சன்வாப்டா அருவியில் நடுவில் ஒரு சின்னத் தீவு, அதன் மேல் பைன் மரங்கள், நதி அதைச் சுற்றிப் பிரிந்து வந்து ஒன்றாகி விழுகிறது. மேல் அருவி மட்டும் போதும். கீழ் அருவிக்குக் காட்டுக்குள் ஒரு கிலோமீட்டருக்கு மேல் இறங்க வேண்டும், அதே அளவு திரும்ப ஏற வேண்டும்.

பாறைப்பித்து:

அத்தபாஸ்காவில் மேலே இருப்பது கெட்டியான குவார்ட்சைட், அடியில் அதைவிட இளகிய சுண்ணாம்புக்கல். கெட்டிப்பாறையை வெட்டுவதற்குத்தான் நதிக்குப் பாடு. அதைக் கடந்துவிட்டால் கீழே சுலபமாகக் குடைந்துகொண்டு போகிறது. அதனால்தான் அவ்வளவு ஒடுக்கமான பிளவு.

அருவிகளைச் சாயங்காலத்துக்கு வைத்ததும் சரிதான். பனியாற்றுத் தண்ணீர் வெயிலுக்கு ஏற்பக் கூடும், குறையும். விடியற்காலை குறைவு, பிற்பகலில் ஏறும். வெயில் அடித்த நாளில் நீங்களே வித்தியாசம் பார்க்கலாம்.

ஒன்று சொல்ல மறந்தேன். அத்தபாஸ்கா பனியாறு வழிந்து வருகிற கொலம்பியா பனிவெளியில் ஸ்னோ டோம் என்று ஒரு சிகரம். அதன் உச்சியில் விழுகிற பனி மூன்று பக்கம் பிரிகிறது. ஒரு பங்கு அத்தபாஸ்கா வழியாகப் போய் ஆர்க்டிக் கடலில் சேரும். இன்னொரு பங்கு கொலம்பியா ஆற்றோடு பசிபிக். மூன்றாவது வட சஸ்காச்சுவன் ஆற்றில் இறங்கி, கடைசியில் ஹட்சன் விரிகுடா. அந்த மூன்றாவதை அட்லாண்டிக் என்று பலகையில் போடுகிறார்கள். ஹட்சன் விரிகுடா ஆர்க்டிக்கைச் சேர்ந்தது என்று வாதாடுகிற ஆட்களும் உண்டு, நான் அந்தக் கட்சி. ஆனால் பார்க்கர் ரிட்ஜிலிருந்து பார்க்கிற பனியாற்றின் தண்ணீர் ஒரு கடலுக்கும், அரை மணி நேரம் கழித்துப் பார்க்கிற அத்தபாஸ்கா பனியாற்றின் தண்ணீர் வேறு திசைக்கும் போகிறது என்பது நிச்சயம். நடுவில் சன்வாப்டா கணவாய் இருக்கிறது. பான்ஃப் பூங்கா முடிந்து ஜாஸ்பர் பூங்கா தொடங்குகிற பலகையைத் தாண்டும்போது பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

புகைவண்டி_ரசிகன்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஜாஸ்பர் 2024இல் எரிந்துபோயிற்றே, அங்கே போய் என்ன பார்ப்பது? பான்ஃபிலேயே இன்னொரு நாள் இருக்கலாமே.

எட்மண்டன்_அக்கா:

ஊர் முழுக்க எரியவில்லை. 2024 ஜூலை 22 இரவு எல்லோரையும் வெளியேற்றினார்கள், 24ஆம் தேதி நெருப்பு ஊருக்குள் வந்தது. கட்டடங்களில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. அங்கிருந்து வந்த சனத்தை எங்கள் ஊரில்தான் பலர் வைத்துப் பார்த்தார்கள். கடைத்தெரு பெரும்பாலும் தப்பியது, இப்போது விடுதிகள் திறந்திருக்கின்றன, இடமும் பான்ஃப் அளவுக்கு இறுக்கம் இல்லை. ஊரை நெருங்கும்போது ரோட்டுக் கரையில் கரிந்த மரங்கள் வரும், பிள்ளைகள் கேட்பார்கள். அந்த ஊர்ச் சனம் பயணிகளை நம்பித்தான் திரும்ப எழும்புகிறது. "எரிந்த ஊருக்கு ஏன் போவான்" என்று எழுதாதேயுங்கோ.

புகைவண்டி_ரசிகன்:

சரி அக்கா. விளங்கிக்கொண்டேன்.

ஸ்காபரோ_வாசி:

போய் வந்தாச்சு. ஆகஸ்ட் ஆரம்பித்துவிட்டது, இப்போதுதான் எழுத நேரம் கிடைத்தது.

ஜாஸ்பரில் தங்கி எட்மண்டனிலிருந்து பறந்தோம். அக்கா சொன்ன கணக்குச் சரிவந்தது, காரை வேறு ஊரில் விட்டதற்குக் கேட்ட தொகை பான்ஃப் அறை வாடகையைவிடக் குறைவு.

போ ஏரிக்கு எட்டு மணிக்குச் சற்று முன்னால் போனோம். காற்றே இல்லை. அம்மா கரையில் கல்லில் இருந்து தேத்தண்ணி குடித்தா. பெய்ட்டோவில் மேல் பார்க்கிங் பஸ்களுக்கும் மாற்றுத்திறனாளி அட்டை உள்ளவர்களுக்கும் மட்டும் என்பதால், அம்மா கீழிருந்து நின்று நின்று ஏறினா. முக்கால் மணி நேரம் எடுத்தது. வழியில் உட்கார வாங்குகள் இருக்கின்றன. இதே நிலையில் பெரியவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் அந்த நேரத்தைக் கணக்கில் வையுங்கள்.

பார்க்கர் ரிட்ஜில் மகளும் நானும் மட்டும். மற்றவர்கள் கீழே காருக்குப் பக்கத்தில் சாப்பிட்டார்கள். முதல் பாதி முழுக்க "ஏன் அப்பா" என்று கேட்டுக்கொண்டே வந்தவள், மேலே போனதும் பேச்சில்லை. காற்று ஆளைத் தள்ளுகிறது, ஜூலையிலும் தடித்த ஜாக்கெட் வேணும். போக வர இரண்டரை மணி நேரம் எங்களுக்கு. அதனால் வில்காக்ஸை விட்டுவிட்டோம்.

பனியாற்றில் அம்மாவும் மகனும் பஸ்ஸில் போக, நாங்கள் மூன்று பேரும் பாறைப்பித்து சொன்ன பாதையில் ஆண்டுப் பலகைகளைப் பார்த்துக்கொண்டு போனோம். மகள் தன் ஆண்டுக்கு இடம் தேடினாள். அங்கே நின்று ஐஸைப் பார்த்துவிட்டு, "இவ்வளவுமா என் வயசுக்குள்ளே?" என்றாள். திரும்பி வந்த அம்மா சொன்னது, "ஐஸ் வெள்ளை இல்லையடா, அழுக்கு. ஆனால் பிளவுக்குள்ளே பார்த்தால் நீலம்." ஒரு போத்தல் தண்ணீரும் பிடித்துக்கொண்டு வந்தா, அதை எட்மண்டன் விமான நிலையத்தில் கொட்டச் சொல்லிவிட்டார்கள். அவ்வளவு கோபத்தில் அம்மாவை நான் பார்த்ததில்லை.

அருவிக்கு வந்தபோது மணி ஆறரை. சன்வாப்டாவில் பத்து நிமிடம், அத்தபாஸ்காவில் ஒரு மணி நேரம். மகன் அந்தப் பழைய கால்வாய்ப் படிகளில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தான். கரடி ஒன்று, சாலை ஓரத்தில், காருக்குள் இருந்தே பார்த்தோம். சிலர் இறங்கிப் போய்ப் படம் எடுத்தார்கள். 100 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்று எழுதிப் போட்டும் யார் கேட்கிறார்கள்.

கடலைமிட்டாய்:

பொரியல் கொண்டு போனீர்களா?

ஸ்காபரோ_வாசி:

கொண்டு போனோம். கரடிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

அம்பத்தூர்_ரிட்டயர்டு:

அம்மாவிடம் சொல்லுங்கள், அடுத்த முறை அங்கேயே குடித்துவிட வேண்டும்.

புதுப்பயணி_வான்கூவர்:

இழை முழுக்கப் படித்தேன். நாங்கள் அக்டோபர் நடுவில் இதே சாலையில் வடக்கிலிருந்து தெற்கே வருகிறோம், ஜாஸ்பரில் தொடங்கி. இதே திட்டத்தைத் தலைகீழாக்கினால் போதுமா?

நெல்லைக்காரன்_கால்கரி:

போதாது. அக்டோபர் நடுவில் பனியாற்று பஸ் பெரும்பாலும் நின்றிருக்கும், கிளம்பும் முன் தேதி பாருங்கள். பகல் நீளமும் ஜூலையைவிட ஐந்து மணி நேரத்துக்கு மேல் குறைவு, எனவே மலையேற்றம் ஒன்று அல்லது அருவிகள், இரண்டில் ஒன்றுதான். பார்க்கர் ரிட்ஜில் அப்போது பனி இருக்கும். லார்ச் மரங்கள் மஞ்சளாவதைப் பார்க்க வேண்டும் என்றால் செப்டம்பர் கடைசியில் வர வேண்டும், அக்டோபர் நடுவில் ஊசி இலை உதிர்ந்திருக்கும்.

அருவிகளைக் காலையிலேயே முடித்துவிடுங்கள், அந்த மாதத்தில் தண்ணீர் எந்நேரமும் குறைவுதான். குளிர்கால டயர் சட்டப்படி நவம்பர் 1 முதல் கட்டாயம், ஆனால் நடு அக்டோபரிலேயே சன்வாப்டா கணவாயில் பனி கொட்டலாம், வாடகைக் காருக்கு அந்த டயர் கேட்டு வாங்குங்கள். ரிவர் கிராசிங் பெட்ரோல் பங்க் குளிர்காலத்தில் மூடிவிடும், அதை நம்பாமல் ஜாஸ்பரிலேயே முழு டேங்க் நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள்.